விழாமல் நின்றவனுக்கு என்ன கிடைத்தது?

ஆர்யன் ராபன் என்று பெயரைச் சொன்னதுமே, கால்பந்து பார்ப்பவர்களில் பாதிப்பேர் "டைவ் அடிப்பாரே, அவர்தானே?" என்று கேட்பார்கள். அந்தக் கெட்ட பெயர் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. ஆனால் நெதர்லாந்துக்காக அவர் ஆடிய இரண்டு உலகக் கோப்பை ஆட்டங்களை அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். குற்றவாளிக் கூண்டில் அவரை மட்டும் ஏற்றி நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதல் ஆட்டம், 2010 இறுதிப் போட்டி. ஜூலை 11, ஜோஹன்னஸ்பர்க், சாக்கர் சிட்டி அரங்கம். நம் ஊரில் அப்போது நள்ளிரவு. ஸ்பெயினுக்கும் நெதர்லாந்துக்கும் இடையே அன்று நடந்ததில் பந்தைவிடக் காலை உதைத்ததுதான் அதிகம். இங்கிலாந்து நடுவர் ஹோவர்ட் வெப் 14 முறை மஞ்சள் அட்டையை எடுத்தார். ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் பூட்ஸ் காலை வைத்த நெதர்லாந்தின் டி யோங்குக்குச் சிவப்பு காட்டியிருக்க வேண்டும் என்று பிற்பாடு வெப்பே சொன்னார். அப்படிப்பட்ட ராத்திரி அது.

83ஆவது நிமிடம். இன்னும் கோல் இல்லை. முன்னால் விழுந்த பந்தைத் துரத்தி ராபன் ஓடுகிறார், கூடவே ஸ்பெயினின் புயோல். ராபனின் வேகத்துக்கு அந்த வயதில் புயோலால் ஈடுகொடுக்க முடியாது. கையைப் போட்டுப் பிடிக்கிறார், தொற்றிக்கொள்கிறார். புயோல் 16ஆவது நிமிடத்திலேயே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியவர் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ராபன் அந்த இடத்தில் சரிந்திருந்தால் புயோலுக்கு இரண்டாவது மஞ்சள் வந்திருக்கும். உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஏழு நிமிடங்களை ஸ்பெயின் பத்துப் பேரோடு ஆட வேண்டியிருக்கும். ராபன் சரியவில்லை. பிடியை உதறிக்கொண்டு ஓடினார், கோல் போடத்தான் பார்த்தார். அந்தப் பிடியில் அவர் இழந்த அரை நொடி ஸ்பெயின் கோல்கீப்பர் காசியாஸுக்குப் போதுமானதாக இருந்தது. பாய்ந்து வந்து காலடியிலிருந்தே பந்தை எடுத்துக்கொண்டார்.

விசில் வரவில்லை. ராபன் வெப்பிடம் ஓடிப்போய்க் கத்தினார். அதற்கு அவருக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது. பிடித்தவருக்கு ஒன்றும் இல்லை, பிடிபட்டவருக்கு அட்டை. 116ஆவது நிமிடத்தில் இனியெஸ்டா கோல் போட்டார், கோப்பை ஸ்பெயினுக்குப் போனது.

இரண்டாவது ஆட்டம், 2014 ஜூன் 29. பிரேசிலின் ஃபோர்த்தலேசா நகரில் கொளுத்தும் மதிய வெயில். எதிரணி மெக்சிகோ, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய சுற்று. 48ஆவது நிமிடத்தில் ஜியோவனி தோஸ் சாண்டோஸ் மெக்சிகோவுக்குக் கோல் போட்டார். 88ஆவது நிமிடத்தில் ஸ்னைடர் சமன் செய்தார். 90 நிமிடம் முடிந்து, காயத்துக்காகச் சேர்த்துக் கொடுக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ராபன் வலப்பக்கக் கோட்டை ஒட்டிப் பெனால்ட்டி பாக்ஸுக்குள் நுழைந்து பந்தை வெட்டுகிறார். மெக்சிகோ கேப்டன் ரஃபேல் மார்க்வெஸ் காலை நீட்டுகிறார். பட்டதா? பட்டது. ஆனால் அந்த அளவு பட்டதற்கு ஒரு மனிதன் அப்படிப் பறக்க மாட்டான். கைகள் இரண்டும் மேலே, நெஞ்சு முன்னால், கால்கள் பின்னால் மடிந்து, வாய் திறந்து ஒரு அலறல். போர்த்துகல் நடுவர் பெத்ரோ ப்ரோயென்சா பெனால்ட்டிப் புள்ளியைக் காட்டினார். ஹுன்டலார் அடித்தார். 2-1. தொடர்ந்து ஆறாவது உலகக் கோப்பையாக மெக்சிகோ அதே சுற்றில் வெளியேறியது. "அது பெனால்ட்டி இல்லை" என்பதை மெக்சிகோக்காரர்கள் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ராபன் தொலைக்காட்சியில் ஒன்று சொன்னார். முதல் பாதியில் ஒரு தடவை தான் வேண்டுமென்றே விழுந்ததாகவும், அது செய்யக்கூடாத காரியம் என்றும், அதற்காக மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னார். கடைசிப் பெனால்ட்டி மட்டும் நிஜமானது என்றார். அவர் சொன்னதைப் பாதிப்பேர் கேட்டார்கள், பாதிப்பேர் திட்டினார்கள். அதே முதல் பாதியின் கடைசியில் நடந்த இன்னொன்றைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. பாக்ஸுக்குள் ராபனை மறிக்கப் பாய்ந்த மெக்சிகோவின் எக்தோர் மொரேனோவுக்கு அந்த மோதலில் கணுக்காலுக்கு மேலே எலும்பே முறிந்துபோனது. அவ்வளவு பலமான மோதல். அதற்கு விசில் இல்லை.

என்னைக் கேட்டால், மார்க்வெஸ் செய்தது ஃபவுல், ராபன் செய்தது நடிப்பு. இரண்டும் ஒரே நொடியில் உண்மையாக இருக்க முடியும். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருவதே இங்கேதான். நிமிர்ந்து ஓடிய 2010இல் அவருக்குக் கிடைத்தது அட்டை, பறந்து விழுந்த 2014இல் கிடைத்தது பெனால்ட்டி. பன்னிரண்டு வயதில் அகாடமியில் சேர்ந்து இந்த இரண்டையும் பார்க்கிற பையன் என்ன கற்றுக்கொள்வான்? டைவ் அடிப்பவர்களைத் திட்டி எழுதியவை ஏராளம். நானும் திட்டத் தயார். ஆனால் விழாமல் நிற்பவனுக்கு நடுவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று கேட்காமல் திட்டினால் அது பாதி நியாயம்தான்.

விதிப்புத்தகம் என்ன சொல்கிறது? பன்னிரண்டாவது விதியைத் திறந்து பாருங்கள். எதிராளியை உதைப்பது குற்றம், உதைக்க முயல்வதும் குற்றம். காலை இடறிவிடுவது குற்றம், இடறிவிட முயல்வதும் குற்றம். தள்ளுவது, பிடித்து இழுப்பது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அடிபட்டவன் கீழே விழ வேண்டும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. முயற்சியே குற்றம் என்கிறபோது, கால் படக்கூட வேண்டியதில்லை. சாதகம் தொடரட்டும் என்று நடுவர் ஆட்டத்தை விட்டுவிட்டாலும், அந்தச் சாதகம் சில நொடிகளில் கைகூடாவிட்டால் திரும்பி வந்து முதல் குற்றத்துக்கு விசில் ஊதலாம் என்று ஐந்தாவது விதி தெளிவாக அனுமதிக்கிறது. காசியாஸ் பந்தை அள்ளிய பிறகும் வெப் திரும்பி வந்திருக்கலாம் என்பதுதான் இதன் பொருள்.

புத்தகத்தில் இருப்பது ஒன்று, மைதானத்தில் நடப்பது வேறொன்று. விழுந்தால்தான் நடுவர் பார்ப்பார் என்பது எல்லா நாட்டு ஆட்டக்காரர்களுக்கும் தெரிந்த எழுதாத விதி. பயிற்சியாளர்களும் வர்ணனையாளர்களும், "அவன் விழுந்திருக்கணும், ரொம்ப நல்லவனா இருந்துட்டான்" என்று இரக்கத்தோடு சொல்வதை எத்தனை முறை கேட்டிருப்போம்!

நடுவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர் ஓர் ஆட்டத்தில் 10, 12 கிலோமீட்டர் ஓடுகிறார். முடிவு எடுக்க அவருக்குக் கிடைப்பது ஒரே பார்வை, ஒரே கோணம். நடுவில் இரண்டு பேர் குறுக்கே வந்தால் அதுவும் இல்லை. விழுவது மட்டுமே தூரத்திலிருந்து தெரியும். சட்டையில் பதிந்த விரல்கள் தெரியாது. அதனால் கண் இயல்பாகவே விழுந்தவன் பக்கம் போகிறது.

ஆனாலும் பொய்யான விழுகைக்கு அடையாளங்கள் உண்டு. போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பால் மாரிஸ் 2009 வாக்கில் இதை ஆராய்ந்தார். நிஜமாகத் தடுக்கி விழுபவனின் கைகள் தரையை நோக்கி இறங்கும், உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். கைகளை மேலே வீசி, நெஞ்சைத் தள்ளி, கால்களைப் பின்னால் மடித்து வில்லாக வளையும் அந்த உருவம், தானாக விழுகிற உடம்பில் வராது என்றார் அவர். இன்னும் சில அடையாளங்களையும் சொன்னார். பட்டதற்கும் விழுவதற்கும் நடுவே இடைவெளி இருப்பது, பட்ட வேகத்துக்குப் பொருந்தாமல் கூடுதலாக உருளுவது, பட்டது ஓரிடம் பிடித்துக்கொள்வது வேறிடம் என்பவை அவை.

கடைசி அடையாளத்துக்கு 2002ஐவிடச் சிறந்த சாட்சி இருக்க முடியாது. ஜூன் 3, தென்கொரியாவின் உல்சான், பிரேசிலும் துருக்கியும். ஆட்டம் முடியும் தறுவாயில் கார்னர் அடிக்கக் கொடிப் பக்கம் நின்றிருந்தார் ரிவால்டோ. துருக்கியின் ஹக்கான் உன்சால் எரிச்சலில் பந்தை அவர் பக்கம் உதைத்தார். பந்து பட்டது தொடையில். ரிவால்டோ முகத்தைப் பொத்திக்கொண்டு சரிந்தார். உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள், வெளியேற்றம். ஃபிஃபா பிற்பாடு வீடியோவைப் பார்த்து ரிவால்டோவுக்கு 11,500 ஸ்விஸ் ஃபிராங்க் அபராதம் போட்டது. ஓர் ஆட்டத்துக்குக்கூடத் தடை இல்லை. அந்த மாதக் கடைசியில் அவர் உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். மைதானத்தில் எங்கே, எப்படி நடித்து நடுவரை ஏமாற்றப் பார்த்தாலும் அது தண்டனைக்குரியது என்று 1999இலேயே விதியில் எழுதியாகிவிட்டது. மூன்று வருடம் கழித்து, உலகமே பார்த்த ஏமாற்று வேலைக்குக் கால்பந்தின் மிகப் பெரிய அமைப்பு வைத்த விலை இவ்வளவுதான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அதே 2002இல், பதினைந்து நாள் கழித்து எதிர்த் திசையில் ஒன்று நடந்தது. தேஜோன் நகரில் தென்கொரியாவும் இத்தாலியும் கூடுதல் நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, பாக்ஸுக்குள் இத்தாலியின் டொட்டி விழுந்தார். ஈக்வடார் நடுவர் பைரன் மொரேனோ அது நடிப்பு என்று முடிவுசெய்து இரண்டாவது மஞ்சள் காட்டி வெளியே அனுப்பினார். கொரிய வீரரின் உடல் அவர்மேல் பட்டது ரீப்ளேயில் தெரிந்தது. பெனால்ட்டி கொடுக்கும் அளவுக்கு அது இல்லை என்று சொல்லலாம். ஆனால் நடிப்பு என்று சொல்ல முடியாது. கூடுதல் நேரத்தில் ஆட்டத்தையே முடித்துவைக்கும் 'தங்கக் கோல்' ஒன்றைக் கொரியாவின் ஆன் ஜங் ஹ்வான் போட, இத்தாலி வெளியேறியது. தவறி விழுந்தவனையும் ஏமாற்ற விழுந்தவனையும் பிரிக்கத் தெரியாமல் அட்டையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று அன்று எல்லா நடுவர்களும் பார்த்தார்கள். அதனாலேயே பெரும்பாலானோர் நடுவழியைப் பிடித்துக்கொண்டார்கள். பெனால்ட்டியும் இல்லை, அட்டையும் இல்லை, எழுந்து ஆடு என்று கையைக் காட்டிவிடுவது. நடுவருக்கு அது பத்திரமான வழி. ஏமாற்றுகிறவனுக்கும் அதுவே வசதி. கிடைத்தால் பெனால்ட்டி, கிடைக்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

நெய்மரைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2018இல் அவர் உருண்டதைப் பார்த்து உலகமே சிரித்தது. சின்னப் பிள்ளைகள் உருண்டு காட்டி வீடியோ போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, காரணம் 2014 ஜூலை 4. அதே ஃபோர்த்தலேசா அரங்கம், ராபனின் பெனால்ட்டிக்கு ஐந்து நாள் கழித்து, பிரேசிலும் கொலம்பியாவும். ஹுவான் சூனிகா பின்னாலிருந்து முழங்காலைக் கொண்டு மோதியதில் நெய்மரின் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள், உலகக் கோப்பை அவருக்கு அதோடு முடிந்தது. சூனிகாவுக்கு நடுவர் ஓர் அட்டைகூடக் காட்டவில்லை. நான்கு வருடம் கழித்து, பாத எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவரை, முதல் ஆட்டத்திலேயே ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் பத்து முறை ஃபவுல் செய்தார்கள். 1998க்குப் பிறகு ஓர் உலகக் கோப்பை ஆட்டத்தில் ஒருவர் இத்தனை ஃபவுல் வாங்கியதில்லை. நிஜ வலியை ஒருவரும் பார்க்காத இடத்தில் வலியைப் பெரிதாக்கிக் காட்டத் தோன்றுவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. புரிகிறது என்பதால் சரி என்று ஆகிவிடாது. ஸ்விட்சர்லாந்து ஆட்டத்துக்கு ஐந்து நாள் கழித்து கோஸ்டா ரிகாவுக்கு எதிராக அவர் செய்தது சுத்தமான ஏமாற்று.

78ஆவது நிமிடம், 0-0. கோஸ்டா ரிகாவின் கொன்சாலஸ் நெய்மரின் மேல் லேசாகக் கை வைக்கிறார், எடுத்தும் விடுகிறார். நெய்மர் மல்லாக்கச் சாய்கிறார். நெதர்லாந்து நடுவர் பியோர்ன் குய்ப்பர்ஸ் பெனால்ட்டி என்றார். பிறகு காதில் செய்தி வந்தது, திரைப் பக்கம் போய்ப் பார்த்தார், திரும்பி வந்து முடிவை ரத்து செய்தார். வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் விஏஆர் வந்த முதல் உலகக் கோப்பை அது. ஒரு டைவ் பல கோடிப் பேர் முன்னால் திரையில் பிடிபட்டதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அந்த விழுகைக்கு அட்டை வரவில்லை. பிடிபட்ட பிறகும் நஷ்டம் இல்லை என்ற பழைய கணக்கு அப்படியே இருந்தது.

விஏஆர் ரிவால்டோ வகை மோசடியை அநேகமாக ஒழித்துவிட்டது. பந்து தொடையில் பட்டு முகத்தைப் பொத்தினால் இப்போது கேமராவில் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் இன்னொரு கெடுதலை அது கூடவே கொண்டுவந்தது என்று நினைக்கிறேன். மெதுவாக ஓட்டிய படத்தில் எல்லாத் தொடுதலும் பெரிய தொடுதலாகத் தெரிகிறது. ஃபவுலா என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பட்டதா' என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால் கெட்டிக்கார ஃபார்வர்டுகள் பொய்யாக விழுவதில்லை. டிஃபெண்டரின் கால் வரும் இடத்தில் தன் காலைக் கொண்டுபோய் வைத்து, பட வைத்து, பிறகு விழுகிறார்கள். திரையில் பார்த்தால் பட்டிருக்கும். நடுவர் என்ன செய்வார்?

ஆட்டம் முடிந்த பிறகு தண்டிப்பதும் பழைய யோசனைதான். ஜெர்மனியில் 1995 ஏப்ரலில் டோர்ட்முண்டின் ஆண்ட்ரியாஸ் மோலர், கார்ல்ஸ்ரூ அணியின் டிஃபெண்டர் தன்னைத் தொடவே இல்லாதபோது பாக்ஸுக்குள் விழுந்து பெனால்ட்டி வாங்கினார். ஒரு கோல் பின்தங்கியிருந்த டோர்ட்முண்ட் அந்த ஆட்டத்தை 2-1 என்று வென்றது. மோலருக்கு இரண்டு ஆட்டத் தடை, 10,000 மார்க் அபராதம். டோர்ட்முண்டுக்கு அந்த வருட லீக் பட்டம். இங்கிலாந்தில் 2017இல் புதிய விதி கொண்டுவந்தார்கள். முன்னாள் நடுவர், முன்னாள் பயிற்சியாளர், முன்னாள் ஆட்டக்காரர் என மூன்று பேர் வீடியோ பார்த்து, மூவரும் ஒருமனதாக ஏமாற்று என்றால் இரண்டு ஆட்டம் தடை. ப்ரீமியர் லீகில் முதலில் மாட்டியவர் எவர்ட்டனின் ஊமர் நியாஸ். கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக அவர் வாங்கிக்கொடுத்த பெனால்ட்டியில் ஒரு கோல் வந்தது, ஆட்டம் 2-2 என முடிந்தது. அவர் தண்டனை அனுபவித்தார், பேலஸ் இழந்த இரண்டு புள்ளிகளை யாரும் திருப்பித் தரவில்லை. ஏமாற்றியவனைத் தண்டிக்கிறோம், ஏமாற்றப்பட்டவனுக்கு ஒன்றும் செய்வதில்லை. மோலரிலிருந்து நியாஸ் வரை 22 வருடத்தில் இது மாறவே இல்லை.

நேர்மையாக இருக்க விரும்புகிறவனை நடுவர்கள் எப்படி நடத்துகிறார்கள்? இரண்டு சம்பவங்கள் என் மனதை விட்டுப் போவதில்லை.

1997 மார்ச் 24, லண்டன் ஹைபரி மைதானம், ஆர்சனலும் லிவர்பூலும். லிவர்பூலின் ராபி ஃபௌலர் கோல்கீப்பர் சீமனைத் தாண்டப் போகிறார், சீமன் பாய்கிறார், ஃபௌலர் விழுகிறார். நடுவர் ஜெரால்ட் ஆஷ்பி பெனால்ட்டிப் புள்ளியைக் காட்டுகிறார். ஃபௌலர் எழுந்த வேகத்தில் கையை ஆட்டி, இல்லை, அவர் என்னைத் தொடவில்லை என்கிறார். எதிரணிக்காரர் சொல்லவில்லை, பெனால்ட்டி கிடைத்தவரே சொல்கிறார்! ஆஷ்பி ஏற்கவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான். ஃபௌலரே போய் அடித்தார், பலமில்லாத அடி, சீமன் தடுத்தார், திரும்பி வந்த பந்தைச் சக வீரர் மெக்கடீர் கோலாக்கினார். வேண்டுமென்றே தவறவிடவில்லை என்று ஃபௌலர் பிறகு சொன்னார், நான் அதை நம்புகிறேன். யூஃபா அவருக்கு நேர்மைக்கான விருது கொடுத்தது. (வேலையிழந்த லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களுக்கு ஆதரவான பனியனை அதே மாதம் மைதானத்தில் காட்டியதற்காக அதே யூஃபா அவருக்கு அபராதமும் போட்டது. என்னைப் பொறுத்தவரை இரண்டுமே அவருக்குப் பெருமை.) விருது கிடைத்தது. ஆனால் மைதானத்தில் உண்மை சொன்னதற்கு என்ன பலன்? ஆஷ்பியின் விசில் உண்மையைவிடப் பெரிதாக இருந்தது.

2014 மார்ச், ஜெர்மனியின் நியூரம்பெர்க். வெர்டர் பிரேமன் அணி 2-0 என முன்னிலையில் இருக்கிறது. இரண்டு அணிகளுமே கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும் பயத்தில் இருந்த பருவம். பிரேமனின் ஆரோன் ஹண்ட் பாக்ஸுக்குள் விழுகிறார், நடுவர் மானுவேல் கிரேஃபே பெனால்ட்டி கொடுக்கிறார். ஹண்ட் எழுந்து கிரேஃபேயிடம் போய், பெனால்ட்டி இல்லை என்கிறார். கிரேஃபே அந்த இடத்திலேயே முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஹண்ட்டுக்குக் கை கொடுக்கிறார். நியூரம்பெர்க் ஆட்டக்காரர்களும் வந்து கை கொடுக்கிறார்கள். விழுந்தபோது பெனால்ட்டி வாங்கும் எண்ணத்தோடுதான் விழுந்தேன், பிறகு மனசு ஒப்பவில்லை என்றுதான் ஹண்ட் சொன்னார். ஏமாற்ற நினைத்து, பத்து நொடியில் மனம் மாறிய ஒருவர். அந்தப் பத்து நொடிக்கு இடம் கொடுத்தவர் கிரேஃபே. 2-0 என்று ஜெயித்துக்கொண்டிருந்ததால் சொன்னார், 0-0 ஆக இருந்தால் சொல்லியிருப்பாரா என்று சிலர் கேட்டார்கள். கேட்கலாம். ஃபௌலர் சொன்னபோது லிவர்பூல் 1-0 என்றுதான் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நடிப்பவனுக்கு மஞ்சள் காட்டுங்கள், தயங்காதீர்கள், திரையில் பிடிபட்டால் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் அதற்கு முன்னால், சட்டையைப் பிடித்து இழுத்தும் நிமிர்ந்து ஓடி, அதனாலேயே வாய்ப்பை இழந்தவனுக்குத் திரும்பி வந்து விசில் ஊதுங்கள். கவனிக்காமல் போன பெனால்ட்டியைச் சொல்வது விஏஆரின் வேலைப் பட்டியலில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. பாக்ஸுக்குள் ஒருவன் இழுபட்டு, விழாமல், தடுமாறி, பந்தை வெளியே அடிக்கிறான் என்றால், அறையில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் படத்தையும் ஓட்டிப் பார்த்து நடுவரைத் திரைக்குக் கூப்பிடலாம். விதியில் ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. ஒரு பெரிய போட்டியில் அப்படி நான்கு பெனால்ட்டி, ஐந்து பெனால்ட்டி கொடுத்துப் பார்க்கட்டும். அடுத்த பருவத்தில் பயிற்சியாளர்களே தங்கள் ஆட்டக்காரர்களிடம், "விழாதே, ஓடு, நடுவர் பார்ப்பார்" என்று சொல்லத் தொடங்குவார்கள்.